விறகுக் கணக்கில் தேர்ச் சிற்பங்கள்: எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

செயல் அலுவலர் அவர்களுக்கும், திருப்பணிக் குழுத் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கோயில் அலுவலக வாசலில் ஒட்டியிருக்கும் ஏல அறிவிப்பில் முதல் வரி தேங்காய், தென்னை மட்டை. இரண்டாவது வரி, பிரித்தெடுத்த பழைய தகரம். மூன்றாவது வரி, "பழைய தேர்க் கழிவு மரங்கள், எடைக் கணக்கில்". அந்த மூன்றாவது வரியை அடித்துவிட வேண்டும் என்று கேட்பதற்குத்தான் இந்த மடல். கூடவே, தை மாதக் கும்பாபிஷேகத்துக்குள் தேரிலும் வாகனங்களிலும் மிச்சமிருக்கும் சிற்பங்களைக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவி எனாமல் அடிக்க முடிவு செய்திருக்கிறீர்கள். அதையும் நிறுத்தச் சொல்லிக் கேட்கிறேன்.

நேரில் வந்தும் சொன்னேன். "எல்லாம் எஸ்டிமேட்டில் இருக்கிறது, இனிமேல் மாற்ற முடியாது" என்றார்கள். சரி, அந்த எஸ்டிமேட்டையும் வாங்கிப் பார்த்தேன். கல் வேலைக்குப் பக்கம் பக்கமாக விவரம் இருக்கிறது. சுதை வேலைக்கும் இருக்கிறது. மரத்துக்கு ஒரே ஒரு வரி: "மரச் சிற்பங்கள் சுத்தம் செய்து வர்ணம் பூசுதல்." எத்தனை சிற்பம், என்ன மரம், எதற்கு என்ன பழுது, யார் கைவைப்பது, ஒன்றும் கிடையாது. கோபுரத்துப் பொம்மைக்கு இருக்கிற மரியாதைகூடத் தேர்ப் பொம்மைக்கு இல்லை.

நான் தச்சன். நிலை, கதவு, கட்டில், ஊஞ்சல் பலகை, இதுதான் பிழைப்பு. சிற்பி என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. தேர் ஸ்தபதிகள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன், கேட்ட உளியை எடுத்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து தேருக்கு முட்டுக்கட்டை, அதாவது தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தடியில் போடும் கட்டை, செதுக்கித் தருகிறோம். தாத்தாவின் அப்பா காலத்திலேயே இது பழைய தேர் என்றுதான் வீட்டில் பேச்சு. மரம் எதனால் கெடும், எதனால் பிழைக்கும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒரு தகுதியில்தான் பேசுகிறேன்.

நீங்கள் கழிவு என்று எழுதியிருக்கும் குவியல் தேரடிக் கொட்டகையின் வடகிழக்கு மூலையில் கிடக்கிறது. காவலரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். குழுவில் எத்தனை பேர் அப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

அதில் ஒரு பலகை கஜசம்ஹாரமூர்த்தி, யானையை உரித்துத் தோலைப் போர்த்திய சிவன். ஒரு முழம் உயரம், இலுப்பை மரம். வழுவூர் நமக்குக் கூப்பிடு தூரம். யானையை உரித்த கதை அந்த ஊர்க் கதை. இதைச் செதுக்கியவர் வழுவூர் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துதான் உளியை எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. யானைத் தோல் பின்னால் வட்டமாக விரிந்திருக்கிறது. அதன் நான்கு கால்களும் நான்கு மூலையில் தொங்குகின்றன, நகம்வரை செதுக்கியிருக்கிறார். சாமியின் மேனியை வழவழப்பாக இழைத்தவர், தோலின் உட்புறத்தை மட்டும் இழைக்காமல் உளித் தழும்போடு விட்டிருக்கிறார். அப்போதுதான் உரித்த தோல் அப்படித்தானே இருக்கும். ஓரத்தில் அம்பாள், இடுப்பில் பிள்ளையோடு, பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். பிள்ளை மட்டும் அப்பாவைப் பார்க்கிறது. கட்டைவிரல் அளவு முகம் அது. இதற்கு நீங்கள் வைத்திருக்கும் விலை, விறகுக்கு என்ன விலையோ அது.

பலகையின் பின்பக்கத்தைப் பாருங்கள். மரம் செத்தும் வாய்ச்சி என்கிற கருவியின் தழும்புக்கு நடுவே, "வ" என்று ஓர் எழுத்தும், அதன் கீழே ௧௪ என்று தமிழ் எண்ணும் வெட்டியிருக்கிறது. வடக்குப் பக்கம், பதினான்காவது இடம். தேரைப் பிரித்துத் திரும்பக் கோத்தாலும் இடம் மாறக் கூடாது என்று அந்தக் காலத்துத் தச்சர்கள் போட்டுவைத்த குறி அது. தேரின் வடக்குப் பக்கத்தில் நடு வரிசையில் ஒரு காலி இடம் இருக்கிறதே, அங்கே பிளைவுட் வைத்து அடைத்திருக்கிறீர்களே, அதுதான் இந்தப் பலகையின் வீடு.

பழுது என்ன தெரியுமா? கீழே காடி என்கிற பள்ளத்தில் உட்காரும் நுனி, அதாவது கழுந்து மட்டும் இரண்டு விரற்கடை அளவுக்கு மக்கியிருக்கிறது. மேலே முழுக்க வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதி. நகத்தை வைத்து அழுத்தினால் பதியவில்லை, தட்டினால் கணீர் என்கிறது. மக்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே இலுப்பையில் வேறு கழுந்து செய்து, முளை அடித்து ஒட்டுப் போட்டால் இன்னொரு நூறு வருஷம் நிற்கும். ஒரு நாள் வேலை. கதவுக்கு நாங்கள் தினமும் செய்கிற வேலைதான் இது.

குவியலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான். நிஜமாகவே உளுத்து மாவாகிப் போனவையும் உண்டு, மறுக்கவில்லை. அதே சமயம் ஒரு பழுதும் இல்லாத பலகைகளும் ஏன் அங்கே கிடக்கின்றன என்று முதலில் புரியவில்லை. திருப்பிப் பார்த்ததும் புரிந்தது. ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் பொம்மைகள். "குடும்பத்தோடு வருகிறார்கள், அசிங்கமாக இருக்கிறது" என்று கழற்றச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நம் பாட்டன் பாட்டியும் குடும்பத்தோடுதான் வடம் பிடித்தார்கள். அவர்கள் கண்ணுக்கு உறுத்தாதது நமக்கு உறுத்துகிறது என்றால், அதற்காக மரத்தைத் தண்டிப்பானேன்? அதோடு கிடக்கும் இன்னொன்று, தொப்பியும் கால்சட்டையுமாகத் துப்பாக்கி பிடித்து நிற்கும் வெள்ளைக்காரச் சிப்பாய். அவன் என்ன தப்பு செய்தான் என்று தெரியவில்லை. இந்த ஊருக்கு எந்தக் காலத்தில் யார் வந்து போனார்கள் என்பதற்கு, கோயிலில் இருக்கும் ஒரே சாட்சி அவன்.

இனி, மரம் எப்படிக் கெட்டது என்ற கதைக்கு வருகிறேன். வயதாகிவிட்டது, அதனால் மக்கிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வயதினால் மரம் மக்குவதில்லை. காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் 40 வருஷம் குளத்துத் தண்ணீருக்குள் இருக்கிறார். 1979க்குப் பிறகு 2019இல் வெளியே எடுத்து 48 நாள் சேவைக்கு வைத்து, மறுபடியும் உள்ளே எழுந்தருளச் செய்தார்கள். அத்தி ஒன்றும் தேக்கு மாதிரி உறுதியான மரம் இல்லை. ஆனாலும் நீருக்குள்ளேயே கிடக்கிற மரத்துக்குக் காற்று போவதில்லை, அதனால் மக்க வைக்கும் பூஞ்சை அங்கே பிழைக்காது. நன்றாகக் காய்ந்த மரத்திலும் பிழைக்காது. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருக்கிறவரை மக்கல் தொடங்குவதே இல்லை. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, அரைகுறையாகக் காய்ந்து கிடக்கிற மரம்தான் செத்துப்போகும். நம் தேருக்கு நடந்தது அதுதான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது கொட்டகையின் வடகிழக்குப் பக்கத் தகரம் பறந்தது. ஊரே கூரையில்லாமல் கிடந்த நேரம், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். அப்புறம் பழைய தகரத்தையே திரும்ப அடித்தார்கள், ஆணி ஓட்டைகளை அடைக்காமல். அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் தண்ணீர் தேரின் மேல் இறங்குகிறது. மேலிருந்து வருவது போதாதென்று, சாலையை உயர்த்தி உயர்த்தி இப்போது தேரடி பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் சக்கரத்தடியில் தண்ணீர் கட்டி நிற்கிறது. கரையானுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கோடையில் அதே தகரத்துக்குக் கீழே நின்றால் நமக்கே தலை சுற்றும், மரம் வெடிக்காமல் என்ன செய்யும். வெடித்த இடத்தில் அடுத்த மழை இறங்குகிறது. வடக்குப் பக்கப் பலகைகள் மட்டும் அதிகம் கெட்டிருப்பதையும், தெற்குப் பக்கம் ஏறக்குறைய நன்றாக இருப்பதையும் நீங்களே வந்து பார்க்கலாம். ஒரே தேர், ஒரே மரம், ஒரே வயது.

அடுத்து இந்தக் காஸ்டிக் சோடா. கான்டிராக்டரின் ஆட்கள் போன வாரம் சோதனைக்கென்று குதிரை வாகனத்தின் ஒரு காலில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பழைய பெயிண்ட் நுரைத்து வந்துவிட்டது, ரொம்பச் சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷம். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். மரத்தின் மேல்தோல் பஞ்சு மாதிரி எழும்பி நிற்கிறது. குளம்புக்கு மேலே சலங்கை செதுக்கியிருந்த இடத்தில் மணி மணியாக இருந்த வேலை மழுங்கிவிட்டது. காகித ஆலையில் மரத்தைக் கூழாக்குவதற்கு இதே காஸ்டிக் சோடாவைப் போட்டுத்தான் வேகவைக்கிறார்கள். மரத்தின் நாரைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசையை அது கரைத்துவிடும். கழுவிவிட்டோம் என்பார்கள். நாருக்குள் இறங்கிய உப்பு கழுவினால் போகாது, உள்ளே இருந்துகொண்டு ஈரத்தை இழுக்கும். மேலே அடிக்கப் போகிற பெயிண்டையே அது ஒரு வருஷத்தில் கொப்பளிக்க வைக்கும். பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள், பள்ளத்தை நிரப்பும் பட்டி. மூக்கு, விரல், புருவம் எல்லாவற்றின் மேலும் பட்டியைப் பூசித் தேய்த்தால் எல்லாச் சாமிக்கும் ஒரே முகம்தான்.

எனாமல் அடித்தால் தண்ணீர் உள்ளே போகாது, அதனால் பாதுகாப்புதானே என்று குழுவில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். சொல்கிறேன். மரம் வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் மழைக்காலத்தில் கொஞ்சம் பருக்கும், கோடையில் சுருங்கும். எனாமல் அப்படி அசையாது. ஆகவே மூட்டுகளிலும் வெடிப்புகளிலும் பெயிண்ட் கீறிவிடும். கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், மற்ற இடமெல்லாம் மூடியிருப்பதால் வெளியே வராது. வியர்த்த உடம்பில் ரெயின்கோட்டை மாட்டி அப்படியே தைத்துவிட்டால் எப்படி இருக்கும், அதுதான். அதையும் எப்போது அடிக்கப் போகிறீர்கள்? ஐப்பசி கார்த்திகையில், மரம் ஊறிக் கிடக்கும்போது.

சாட்சி வேண்டுமென்றால் வாகன மண்டபத்துக்கு வாருங்கள். போன திருப்பணியில் ரிஷப வாகனத்துக்கு எனாமல் அடித்தார்கள். பார்க்க இன்றைக்கும் பளபளவென்றுதான் நிற்கிறது. திமிலுக்குக் கீழே விரலால் தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம் வருகிறது. அடிவயிற்றில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், கீழே தரையில் வெளிர் நிறத்தில் மாவு. மாவு பழுப்பேறியிருந்தால் பழைய சேதம் என்று விட்டுவிடலாம். வெளுப்பாகப் புதிதாகக் கொட்டினால் உள்ளே பூச்சி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெயிண்ட் அடித்ததால் யாரும் கவனிக்கவில்லை. திருவிழாவில் அந்த ரிஷபத்தின் மேல் சுவாமியை ஏற்றித்தான் நான்கு வீதியும் தூக்கி வருகிறோம். தண்டு தூக்குபவர்களில் என் மருமகனும் ஒருவன்.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பக்கத்து ஆட்களே இதில் தப்பு செய்கிறோம். பெரியவர்கள் இலுப்பெண்ணெயும் வேப்பெண்ணெயும் துணியில் தொட்டு லேசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். இப்போது டின் டின்னாக ஊற்றுகிறார்கள். சில ஊர்களில் லாரி பட்டறையிலிருந்து பழைய என்ஜின் ஆயிலை வாங்கி வந்து அடிக்கிறார்கள். தூசி ஒட்டி, கறுத்து, செதுக்கலின் பள்ளமெல்லாம் அடைந்துபோகிறது. போதாக்குறைக்கு நெருப்பு. திருவாரூரின் பழைய ஆழித்தேர் 1920களில் தீயில் போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆகவே எண்ணெய் போடலாமா, எது போடலாம், எவ்வளவு போடலாம் என்பதை என்னைப் போன்றவர்களோ கான்டிராக்டரோ முடிவு செய்ய வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைப் பாதுகாப்பதற்கென்றே 1930இலிருந்து ஒரு வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. மாமல்லபுரத்தில் அரசு சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, மரச் சிற்பம் அங்கே தனிப் பாடம். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் தேர்ச் சிற்பம் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடே கொடுத்தாயிற்று. நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடலாம். இவர்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் பெயிண்ட் கடைக்கு மட்டும் ஆள் போயிருக்கிறது.

"தேர்ப் பொம்மைக்குப் பூஜை கிடையாதே, அது வெறும் அலங்காரம்தானே" என்றும் ஒரு பேச்சு. மரத்தைத் தெய்வமாக வைத்திருக்கும் மரபு நமக்கு இல்லாததா? மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் கோழிக்குத்தியில் வானமுட்டிப் பெருமாள் அத்தி மரத்தில்தான் நிற்கிறார். மரம் என்பதால் அவருக்கு அபிஷேகம் இல்லை, தைலக்காப்புதான். இன்ன பொருளுக்கு இன்னது ஆகாது என்று தெரிந்து செய்கிறார்கள். நம் கோயிலிலேயே போன மாதம் பாலாலயம் நடந்தபோது மூலவரின் சக்தியை எதில் இறக்கி வைத்தீர்கள்? அத்திப் பலகையில். அந்தப் பலகைக்கு இரண்டு வேளை விளக்கு, தேரடியில் கிடக்கும் பலகைக்கு எடைக்கல்.

பூரியில் ஜகந்நாதரையே மாற்றுகிறார்களே என்பீர்கள். உண்மைதான். வேப்பமரத்தில் புதிய திருமேனி செய்து மாற்றுகிறார்கள், கடைசியாக 2015இல் மாற்றினார்கள். பழைய திருமேனிகளைக் கோயில் வளாகத்திலேயே மண்ணில் எழுந்தருளச் செய்கிறார்கள். எடைக்குப் போடுவதில்லை.

எடைக்குப் போனால் எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விறகுக்கடையில் எரிந்துபோனால்கூட ஒரு வருத்தத்தோடு முடிந்துவிடும். எரியாது. பழைய சாமான் வாங்குகிறவர்கள் ஏலத்துக்கு வருவார்கள். நம் பக்கத்துத் தேர்ப் பலகைகள் நட்சத்திர ஓட்டல் சுவரிலும், வெளிநாட்டு ஏலக் கடைகளிலும், அருங்காட்சியகக் கண்ணாடிக்குள்ளும் இருப்பதை இன்றைக்குக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. இந்தக் குவியலின் வயது என்ன என்று யாரும் பார்க்காமலேயே அதற்கு "கழிவு" என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஏலத்தில் கோயிலுக்கு என்ன வரும்? மிஞ்சிப்போனால் பந்தல்காரர் கூலிக்குக் காணும்.

ஐம்பொன் திருமேனி என்றால் நிலைமையே வேறு. சின்னக் கோயில்களின் செப்புத் திருமேனிகளையெல்லாம் கொண்டுபோய்த் திருவாரூரில் பாதுகாப்பு மையத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள், காவலும் உண்டு. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் கடல் தாண்டிப் போய் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது, அவர் நம்மவர்தான் என்று காட்டப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் உதவின. 2014இல் திரும்பி வந்தார். ஒரு படம் இருந்ததால் ஒரு சாமி வீடு திரும்பியது. நம் தேரில் இருக்கும் ஒரு பொம்மைக்காவது அப்படி ஒரு படம் கோயிலில் இருக்கிறதா? சொத்துப் பதிவேட்டில் "மரத்தேர் ஒன்று" என்று இருக்கும். ஒன்றுக்குள் எத்தனை என்று எழுதியிருக்காது. ஆகவே பத்து போனாலும் பதிவேட்டில் தேர் ஒன்றுதான்.

நான் புதுமைக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். மரச்சக்கரத்தை எடுத்துவிட்டு இரும்புச் சக்கரமும், திருச்சி பெல் நிறுவனம் செய்கிற மாதிரி ஹைட்ராலிக் பிரேக்கும் வைப்பதை நான் ஆதரிக்கிறேன். முட்டுக்கட்டை போடுகிறவனின் கை, கால், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது, எங்கள் வீட்டுக்கு அது தெரியும். தேரே இல்லாமல் போன இடத்தில் புதுத் தேர் செய்வதும் நல்லதுதான். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் புதுத் தேர் செய்து 2015இல் ஓட்டியபோது நானும் போய்ப் பார்த்து மகிழ்ந்தவன். நமக்கு அந்த நிலை வரவில்லை. நமக்குத் தேர் இருக்கிறது. அதன் பாதி உடம்பை மூலையில் குவித்துவிட்டுக் காலி இடத்தில் பிளைவுட் அடிக்கிறோம்.

நான் கேட்பது இதுதான்.

ஏல அறிவிப்பின் மூன்றாவது வரியை ஏலத் தேதிக்கு முன்பே நீக்கி, நீக்கியதை எழுதி ஒட்டுங்கள். காஸ்டிக் சோடா, கம்பி பிரஷ், எனாமல் மூன்றையும் தேரிலும் வாகனங்களிலும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். குதிரை வாகனத்தின் அந்தக் காலை நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து திரும்பத் திரும்பத் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் வேண்டாம். மழை தொடங்குவதற்குள் குவியலை அந்த மூலையிலிருந்து எடுத்து, பிரகாரத்து மண்டபத்தில் செங்கல் அடுக்கி அதன் மேல் மரச்சட்டம் போட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தி வையுங்கள். பூச்சி இருக்கும் பலகைகளை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது, தனியாக வைக்க வேண்டும்.

பிறகு எண்ணிக்கை. தேரில் இருப்பது, கீழே கிடப்பது, வாகனங்கள், எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, அளந்து, பின்பக்கக் குறியையும் எழுதிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நம் ஊரில் கல்யாண வீட்டுப் படம் எடுக்கிற பையன்கள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். பதிவேட்டின் ஒரு பிரதி கோயிலில், ஒரு பிரதி மேலதிகாரியிடம், ஒரு பிரதி ஊர் மக்கள் கேட்டால் பார்க்கும்படி. கழற்றிய காதல் பொம்மைகளும் அந்தச் சிப்பாயும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

எழும்பூரிலிருந்தோ மாமல்லபுரத்திலிருந்தோ மரம் தெரிந்த ஒருவரை வரவழைத்து, எதைத் தேரில் திரும்பப் பூட்டலாம், எதை மருந்து வைத்துக் காப்பாற்றலாம், எதை மண்டபத்தில் காட்சிக்கு மட்டும் வைக்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். திருப்பணி மதிப்பீட்டில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, அவர் சொல்வதைப் போட்டுத் திருத்த மதிப்பீடு அனுப்புங்கள். கும்பாபிஷேகத்துக்குள் முடியாது என்றால் முடியாததாகவே இருக்கட்டும், தேரோட்டத்துக்குத்தான் இன்னும் காலம் இருக்கிறதே. பெயிண்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் கொட்டகைக்கு ஒழுங்கான கூரை போடுங்கள். தாழ்வாரத்தை இரண்டு அடி வெளியே இழுங்கள், தரையைச் சாலைக்கு மேலே உயர்த்துங்கள், நான்கு பக்கமும் காற்று போக வழி விடுங்கள். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசிக்கு முன்னால் ஒரு நாள், தை பிறந்ததும் ஒரு நாள், கூரையையும் மரத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்று தேதி வைத்து, பார்த்ததை எழுதி வையுங்கள்.

ஒட்டுப் போடும் வேலையை மழை முடிந்து மரம் காய்ந்த பிறகு தொடங்கலாம். ஸ்தபதி ஒருவர் மேற்பார்வையில், அவர் சொல்கிறபடி செய்ய, நம் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள தச்சர்கள் சிலர் சம்மதித்திருக்கிறோம். கூலி வேண்டாம். இலுப்பை மரமும் நல்ல பசையும் கோயில் வாங்கித் தர வேண்டும். புது மரம் எவ்வளவு தேவை என்று பலகை வாரியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஏலத் தேதிக்கு முன்னால் ஒரு நாள் மாலை, குழு முழுவதும் தேரடிக்கு வாருங்கள், அந்தக் கணக்கோடு நானும் வருகிறேன். வருகிறீர்களா இல்லையா என்ற பதிலை மட்டும் எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
தேருக்கு முட்டுக்கட்டை செதுக்கும் வீட்டுத் தச்சன்